மூன்றாவது பஸ்ஸுக்கு அப்புறம்

கட்டிலில் பக்கத்தில் படுத்திருந்த கணவன் காதில் மாட்டியிருந்த இயர்போனிலிருந்து அவளுடைய குரலே கசிந்து வந்துகொண்டிருந்தது. "தோள்களைத் தளர விடுங்கள்... தாடையைத் தளர விடுங்கள்..." மனுஷன் எல்லாவற்றையும் எப்போதோ தளர விட்டாயிற்று. வாய் பிளந்து, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்க, அவிழ்த்துக் கொட்டிய சாக்கு மூட்டை மாதிரிக் கிடந்தான். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியோ தாடையை இறுக்கிக்கொண்டு மின்விசிறியை முறைத்துக்கொண்டிருந்தாள்.

ஊரையே தூங்க வைக்கும் குரல் என்று விளம்பரம் போடுகிறார்கள். ஊர் தூங்குகிறது, அதில் பொய்யில்லை. குரல்தான் தூங்குவதில்லை.

முன்பெல்லாம் அவளுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. தூக்கம் வர மறுத்தால் வரவழைக்கக் கைவசம் ஒரு வழி வைத்திருந்தாள். யாரும் சொல்லித் தந்ததல்ல, வேலையிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள் அவள். ஒரு கண்ணாடிக் கூண்டு, ஒரு மைக், வெளியே தூண் தூணாக ஒலிபெருக்கிக் குழாய்கள், அவற்றுக்குக் கீழே எப்போது பார்த்தாலும் தலைதெறிக்க ஓடும் கூட்டம். டிரைவர்களும் கண்டக்டர்களும் வைத்த பெயர் குழாயக்கா. ராத்திரி படுத்தால் மனசும் அந்த ஸ்டாண்டு மாதிரியே இரையும். அவள் கண்ணை மூடி, மனசுக்குள் மைக்கை ஒரு தட்டுத் தட்டுவாள். ஒவ்வொரு கவலையாகக் கூப்பிட்டு பஸ்ஸில் ஏற்றுவாள். மாமியாரின் முட்டி வலிக்கு முதல் நடைமேடை. மகளின் கணக்குப் பாடத்துக்கு இரண்டாவது. நாத்தனார் போனில் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்குத் தனி வண்டி, இடையில் எங்கும் நிற்காது. ஏற்றி, கதவைச் சாத்தி, விசில் கொடுத்து அனுப்பிவிடுவாள். வண்டிகள் கிளம்பக் கிளம்ப ஸ்டாண்டு காலியாகும், விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும். கடைசி பஸ் கிளம்பியதை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. அதற்குள் தூங்கியிருப்பாள்.

அந்த ஸ்டாண்டைத்தான் திருடிவிட்டார்கள்.

நிஜ ஸ்டாண்டில் எந்திரக் குரல் வந்து அவளுக்கு வேலை போனபோதுகூட மனசுக்குள் இருந்த ஸ்டாண்டு பத்திரமாக இருந்தது. குரலை வைத்து வேறு வேலை தேடினாள். தூங்க வைக்கும் ஒலிப்பதிவுகளைச் சந்தா வாங்கிக்கொண்டு செல்போனில் கேட்கக் கொடுக்கிற ஒரு நிறுவனம் அவளைச் சேர்த்துக்கொண்டது. அதன் முதலாளி முன்பு மெத்தைக் கடை வைத்திருந்தவர். மெத்தை விற்றவருக்குத் தூக்கத்தைப் பற்றித் தெரியாமலா இருக்கும் என்று யாரோ சொல்லப் போக, அதை அவரே நம்பிவிட்டார். இப்போது அவருக்குத் 'துயில்ஞானி' என்று பட்டம். கொடுத்தவரும் அவரே, வாங்கிக்கொண்டவரும் அவரே. முதுகுக்குப் பின்னால் ஊழியர்கள் சுருக்கமாக மெத்தை என்பார்கள்.

திருட்டு நடந்தது நிறுவனத்தின் ஆண்டு விழாத் தேநீர் விருந்தில். காட்டிக்கொடுத்தது கட்டின புருஷன்.

"இவ தூங்குறதுக்கு என்ன பண்ணுவா தெரியுமா சார்? படுத்துக்கிட்டே பஸ் விடுவா!" என்று, தேநீரில் பிஸ்கட்டை முக்கிக்கொண்டே, நடைமேடை எண் வரைக்கும் ஒப்பித்துவிட்டான். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மெத்தை மட்டும் சிரிக்கவில்லை. பிஸ்கட் தட்டைக் கணவன் பக்கம் நகர்த்தி, "அப்புறம்?" என்று கேட்டார். அவன் அப்புறத்தையும் சொன்னான்.

அடுத்த மாதமே 'நிர்மல நித்திரா மார்க்கம்' என்று ஒரு புதிய முறை வெளிவந்தது. உள்ளே இருந்தது அவளுடைய ஸ்டாண்டு. முதல் நடைமேடை, இரண்டாவது நடைமேடை, அணைகிற விளக்கு எல்லாம் அப்படியே. மேலே மட்டும் சமஸ்கிருதத்தில் ஒரு கூரை போட்டிருந்தார்கள். அதையும் அவளையே படிக்க வைத்தார்கள்.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. கண்ணை மூடி "முதல் நடைமேடையில்..." என்று ஆரம்பித்தால் போதும், மெத்தையின் குரல் உள்ளே புகுந்துவிடும். "இன்னும் மெதுவா. குரல்ல ஒரு புன்னகை வேணும்மா, புன்னகை!" கவலைகளை ஏற்றி அனுப்பும் இடத்தில் அந்த ஆள் சால்வையும் கையுமாக வந்து உட்கார்ந்துவிட்டார். அவரை எந்த பஸ்ஸில் ஏற்றுவது? ஸ்டாண்டே அவர் பெயரில் அல்லவா இருக்கிறது? வண்டிகள் நின்ற இடத்திலேயே நிற்கும். கவலைகள் எல்லாம் அவளைச் சுற்றி நின்று, எப்போது எடுப்பீர்கள், எப்போது எடுப்பீர்கள் என்று கேட்கும். விடிந்துவிடும்.

"ராத்திரி தூங்கலையா? கண்ணு செவந்திருக்கு" என்றான் கணவன் காலையில். மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணாடி பொருத்துகிறவன். கண்ணைப் பற்றி மட்டும் சரியாகக் கண்டுபிடிப்பான்.

"எப்படித் தூங்கறது? அதான் நீங்க தூக்கத்த வித்துட்டு வந்துட்டீங்களே, ரெண்டு பிஸ்கட்டுக்கு."

"திரும்ப அதேவா? அவ்வளவு பெரிய மனுஷன் உன் ஐடியாவ எடுத்துக்கிட்டிருக்கார். பெருமைதானே?"

"பெருமையா? வீட்டுக்குள்ள பூந்து பீரோவத் தூக்கிட்டுப் போனவனைப் பாத்து, நம்ம பீரோ அவனுக்குப் பிடிச்சிருக்கேன்னு பெருமைப்படுவீங்களா?"

"பீரோ வேற, இது வேற. இது என்ன, கையில புடிக்கிற பொருளா? உனக்குள்ளயும் இருக்கு, அவர்கிட்டயும் இருக்கு. பங்கு போட்டாலும் குறையாது." தத்துவம் சொல்லிவிட்ட திருப்தியில் டிபன் டப்பாவை எடுத்தான். "கோவத்தக் குறை. ராத்திரி உன் பதிவக் கேட்டுப் பாரேன். எனக்கெல்லாம் ரெண்டாவது பஸ்லயே கண்ணு சொக்கிடுது."

அவள் கையில் வைத்திருந்த கரண்டியைப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினான்.

அந்த வாரம் புதிய முறையின் வெற்றியைக் கொண்டாட ஒரு கூட்டம். வாடகை மண்டபம், மேடையில் நிஜ மெத்தை ஒன்றைப் போட்டு அதன்மேல் மெத்தையை உட்கார வைத்திருந்தார்கள். ஊழியர்கள் எல்லாம் முதல் வரிசையில். அவளுக்குப் பக்கத்தில் கத்திரி. ஒலிப்பதிவுகளை வெட்டி ஒட்டுகிறவன் என்பதால் அந்தப் பெயர்.

"அன்று மலை உச்சியில்," என்று ஆரம்பித்தார் மெத்தை, "மேகம் என் பாதங்களைத் தழுவிக்கொண்டிருந்த வைகறையில், மனம் என்பது ஒரு பேருந்து நிலையமே என்னும் பேருண்மை என்னுள் உதித்தது."

"மலை உச்சில பஸ் ஸ்டாண்டு எப்படிக்கா உதிக்கும்?" என்றான் கத்திரி மெதுவாக.

"இந்தாளு மாடிப்படி ஏறினாலே ரெண்டு தடவை உக்காருவார். மலையாம்."

மேடையில் மெத்தை கையை விரித்தார். "நண்பர்களே, ஒரு ரகசியம் சொல்கிறேன். என் பதிவை நானே இன்றுவரை முழுதாகக் கேட்டதில்லை! மூன்றாவது பஸ்ஸைத் தாண்டினால், சத்தியமாக, நான் இருக்க மாட்டேன்." கைதட்டல். "குழந்தையைப் போல உறங்கிவிடுவேன்." மேலும் கைதட்டல். பிறகு அவளைக் கைகாட்டினார். "இதோ, எழுந்திரும்மா. எல்லாரும் பாருங்கள். சிந்தனை என்னுடையது. அது வழிந்து வருகிற குழாய் இவர்."

ஸ்டாண்டில் குழாயக்கா என்று கூப்பிட்டபோது அதில் ஒரு உறவு இருந்தது. அவள் மைக்கைத் தட்டினால் அத்தனை வண்டியும் அசையும். இந்த மனுஷன் வாயில் அது வீட்டுக் கொல்லையில் சொட்டுகிற குழாயாகிவிட்டது. அவள் எழுந்து நின்று கும்பிட்டாள். கும்பிட்ட கை இரண்டும் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன.

மறுநாள் ஒலிப்பதிவு அறை. மார்க்கத்தின் நீண்ட வடிவத்தைப் பதிவு செய்ய வேண்டும். மெத்தை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கத்திரிக்கு அருகில் நின்றுகொண்டு, ஹெட்போன் வழியாக அவள் காதுக்குள் பேசினார்.

"குரல்ல கோவம் தெரியுதும்மா."

"தூக்கம் இல்ல சார்."

"நம்ம முறையச் செஞ்சு பாக்க வேண்டியதுதானே?"

நம்ம முறை. அவள் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். அந்தத் தண்ணீரோடு சேர்த்து விழுங்கியது என்னவென்று அவளுக்குத்தான் தெரியும்.

"முதல் வரிய நல்லா அழுத்திச் சொல்லுங்க. 'மலை உச்சியில் துயில்ஞானி கண்டடைந்த...' கண்டடைந்தங்கிற இடத்துல லேசா ஒரு சிலிர்ப்பு. அத மட்டும் பாத்துக்கிட்டா போதும். எனக்கு மீட்டிங் இருக்கு."

போய்விட்டார். அவள் சிலிர்த்தாள், வேறு காரணத்துக்காக. தாளில் எழுதியிருந்ததை எல்லாம் படித்தாள். ஒவ்வொரு பஸ்ஸாகப் போயிற்று. கண்ணாடிக்குப் பின்னால் மூன்றாவது பஸ்ஸுக்கே கத்திரியின் தலை சாய்ந்துவிட்டது.

இது புதிதல்ல. அந்த அலுவலகத்தில் எந்தப் பதிவையும் யாரும் கடைசிவரை கேட்டது கிடையாது. கேட்க முடியாது, தூங்கிவிடுவார்கள். தூங்காவிட்டால் பதிவு சரியில்லை என்று அர்த்தம். ஆகவே கத்திரி முதல் பகுதியைக் காதால் கேட்பான், மீதியைக் கண்ணால் பார்ப்பான். திரையில் ஓடும் ஒலிக்கோடு எங்கும் எகிறாமல் இஸ்திரி போட்ட மாதிரி சமமாகப் போனால் பதிவு தேறிவிட்டது. கோடு எகிறினால் அந்த இடத்தை மட்டும் வெட்டுவான். தொழிலே அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது, யாருக்கும் ஒரு குறையும் இல்லாமல்.

கடைசித் தாளில் 'அமைதி... அமைதி... என்று நெடுநேரம்' என்று மட்டும் எழுதியிருந்தது. அவள் அந்தத் தாளைப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் வாய் பிளந்து கிடந்த கத்திரியைப் பார்த்தாள். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு மைக்கை ஒரு தட்டுத் தட்டினாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு," என்றாள். இறகு உதிர்வது மாதிரி மெதுவாக. "கடைசி நடைமேடையில் நிற்கும் பேருந்து, திரும்பி வராத ஊருக்குப் புறப்படத் தயாராக உள்ளது. மெத்தை விற்றவர், மலை ஏறாதவர், அடுத்தவள் தூக்கத்தைத் தன் தூக்கம் என்று சொல்லி விற்கிறவர், தயவுசெய்து ஏறிக்கொள்ளவும். ஜன்னலோர இருக்கை கேட்க வேண்டாம். அதற்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை. உங்கள் பட்டத்தையும் சால்வையையும் மேகத்தையும் மடியிலேயே வைத்துக்கொள்ளவும். மேலே வைத்தால் நல்லவர்கள் தலையில் விழும். மூச்சை மெதுவாக உள்ளே இழுங்கள். வெளியே விட வேண்டாம்."

கோடு சமமாக ஓடியது. அவளுக்குத் தொண்டை கரகரத்தது, இருமலை விழுங்கினாள்.

"அடுத்து, என் கணவரின் கனிவான கவனத்திற்கு. நாம் ஒரே தலையணையில் பேசியதைப் பிஸ்கட்டுக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுத்தவனே, உனக்கு உட்கார இடம் கிடையாது. நின்றுகொண்டே போ. கம்பியைப் பிடித்துக்கொள். பள்ளம் வரும்போது நாக்கு பத்திரம், அது ஒன்றுதான் உன்னிடம் வேலை செய்கிறது. பெருமைதானே என்று கேட்டாய். அந்தப் பெருமையையே டிக்கெட்டாக வைத்துக்கொள். வழியில் யாராவது கேட்டால் நீ சிரித்தாயே, அதே மாதிரி சிரி. நான் அழுத ராத்திரிகளில் நீ குறட்டை விட்டாய். அதற்கு அபராதம் தனி."

அவ்வளவு சாதுவாக, அவ்வளவு மரியாதையாக, வாழ்க்கையில் அவள் யாரையும் திட்டியதில்லை. பேசப் பேச நடைமேடைகள் காலியாயின. அந்தச் சால்வை எழுந்து, தடுமாறி, படியில் ஏறியது. விசில் கொடுத்தாள். ஒரு விளக்கு அணைந்தது.

கத்திரி கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தான். திரையைப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது.

"அக்கா! என்னக்கா இது! இவ்ளோ சமமா நீங்க பேசினதே இல்ல. கடைசிப் பகுதியில ஒரு எடத்துல கூடக் கை வைக்க வேணாம் போல."

இப்போது சொல்லிவிடலாம். கடைசிப் பகுதியை வெட்டிடு தம்பி என்று ஒரு வார்த்தை போதும். அவள் பையைத் தோளில் மாட்டினாள்.

"கை வைக்காத. அப்படியே விடு" என்றாள்.

அன்றிரவு அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள்.

காலையில் பயம் வந்தது. இன்று கூப்பிடுவார்கள், நாளை கூப்பிடுவார்கள் என்று ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்துக்கொண்டே வேலைக்குப் போனாள். யாரும் கூப்பிடவில்லை. பதிவு வெளியாகி ஊரெல்லாம் பரவியது. எதிர்வீட்டுக்காரி கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன இதமான குரல்! மனசுல இருக்கிற அழுக்கெல்லாம் போயிடுதுங்க" என்றாள். நாத்தனாரே போன் செய்து பாராட்டினாள், அதுவே ஒரு கெட்ட சகுனம் மாதிரி இருந்தது. கணவன் தினமும் அதையேதான் கேட்டான். அவன் காதுக்குள் அவள் அவனை நிற்க வைத்து, நாக்கைக் கடிக்க வைத்து, அபராதம் போட்டுக்கொண்டிருந்தாள். அவனோ தூக்கத்தில் குழந்தை மாதிரிச் சிரித்தான்.

பயம் போன இடத்தில் பழைய கோபம் திரும்ப வந்து உட்கார்ந்தது, முன்பைவிடப் பெரிதாக. வாழ்நாளில் முதல் தடவையாக வாயைத் திறந்து உள்ளதைச் சொல்லியிருக்கிறாள், ஒரு ஊருக்கே சொல்லியிருக்கிறாள், ஒரு ஜீவன் கேட்கவில்லை! சுவரிடம் சொல்லியிருந்தால் எதிரொலியாவது வந்திருக்கும். கிளம்பிப் போன சால்வை அடுத்த வண்டியிலேயே திரும்பி வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. தூக்கம் மறுபடி போயிற்று.

அப்படி ஒரு சிவந்த கண்ணோடு அவள் போன நாளில்தான் மெத்தை தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். சாத்திவிட்டு உட்கார்ந்தாள். கிட்டத்தில் பார்த்தபோது அவர் கண்ணுக்குக் கீழே பவுடர் அப்பியிருந்தது தெரிந்தது.

"அந்த நீளமான பதிவு பத்தி ஒரு புகார் வந்திருக்கு" என்றார்.

"யார் சார் குடுத்தது?"

"ஒரு சந்தாதாரர்."

"என்னன்னு?"

"கடைசியில... ஏதோ தகாத வார்த்தையெல்லாம் வருதாம். யாரையோ திரும்பி வராத ஊருக்கு அனுப்புறீங்களாம்."

வேலை போயிற்று என்று நினைத்தாள். நினைத்ததும் பயம் வரவில்லை, ஒரு குறுகுறுப்புத்தான் வந்தது. ஒருத்தர் கேட்டிருக்கிறார். முழுதாகக் கேட்டிருக்கிறார்.

"அந்தச் சந்தாதாரர் ஏன் சார் தூங்கலை? மூணாவது பஸ்ஸுக்குள்ள தூக்கம் நிச்சயம்னு விளம்பரத்துல போட்டிருக்கமே."

"அது... அவருக்கு அன்னிக்கு ஏதோ பிரச்சினை போல. அதை விடுங்க. நீங்க பேசினது என்ன நியாயம்? நிறுவனத்துல சம்பளம் வாங்கிக்கிட்டு! மலை ஏறாதவர்ங்கறீங்க. மேகத்த மடியில வெச்சுக்கன்றீங்க. நடுவுல இருமல் வர்றப்பக்கூட அதை முழுங்கிட்டு, மூச்சுப் பிடிச்சு, மேல மேல திட்டறீங்க." மேசையைத் தட்டினார். குரல் உடைந்தது. "எனக்கு ஒரு ஜன்னலோர சீட்டு கூடக் கிடையாதா?"

தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு ஒரு நொடி கழித்துத்தான் எட்டியது. பவுடருக்கு மேலே ரத்தம் ஏறியது.

அவள் நிதானமாகக் கேட்டாள். "எத்தனை ராத்திரியா சார் கேக்கறீங்க?"

அவர் மேசைமேல் கிடந்த தாள்களை அடுக்கத் தொடங்கினார்.

"இருமல முழுங்கின இடம் கத்திரிக்கே தெரியாது. கோட்டுல கூட விழல. அத ஒரே தடவை கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது."

"மெத்தை வித்த காலத்துலேர்ந்தே தூக்கம் கிடையாது" என்றார் அவர், மேசையைப் பார்த்துக்கொண்டு. துயில்ஞானி போய், பழைய கடைக்காரர் பேசினார். "எல்லா மெத்தையிலயும் படுத்துப் பாத்தேன். அப்புறம் உங்க வீட்டுக்காரர் பஸ் கதை சொன்னார். ஆஹா, வழி கெடச்சிடுச்சுன்னு நெனச்சேன். ஆனா எனக்கு ஒரு வண்டி கூடக் கிளம்ப மாட்டேங்குது. ஏன்மா?"

"அது என் ஸ்டாண்டு சார். உங்களுக்கு அங்க வழி தெரியாது. நீங்க நடுவுல உக்காந்துகிட்டு, என் வண்டியையும் எடுக்க விடாம பண்றீங்க. உங்களுக்கும் தூக்கம் இல்ல, எனக்கும் தூக்கம் இல்ல. ஊர் மட்டும் குறட்டை விடுது."

பரிதாபம் வரும் போலிருந்தது. அதை அவள் வாசலிலேயே நிறுத்திவிட்டாள். தூக்கம் வராதவர்கள் எத்தனையோ பேர். எல்லாருமா அடுத்தவர் தலையணையைத் திருடி மலை உச்சிக்குக் கொண்டுபோகிறார்கள்?

அவர் சட்டென்று நிமிர்ந்தார். "சரி. அந்தக் கடைசிப் பகுதிய வெட்டியாகணும்."

"தாராளமா வெட்டுங்க. கத்திரியக் கூப்பிட்டுச் சொல்லுங்க."

மேசை மணி வரைக்கும் போன அவர் கை திரும்பி வந்தது. கத்திரியைக் கூப்பிட்டால் எந்த இடம் என்று கேட்பான். உங்களுக்கு எப்படித் தெரியும் சார் என்று கேட்பான். கத்திரிக்குத் தெரிந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் அலுவலகத்துக்கே தெரியும். மூன்றாவது பஸ்ஸுக்கு அப்புறம் நான் இருக்க மாட்டேன் என்று மெத்தைமேல் உட்கார்ந்து சத்தியம் செய்த மனிதர், கடைசி பஸ்ஸின் இருமல் வரைக்கும் உட்கார்ந்திருந்த சங்கதி ஊருக்குப் போய்விடும்.

"நீங்களே வெட்டலாமில்ல?" என்றார் இறங்கி வந்து.

"வெட்டறேன். ஆனா முதல் வரிய மாத்துவேன். மலையும் வேணாம், மேகமும் வேணாம். 'இது ஒரு பேருந்து நிலைய அறிவிப்பாளரின் வழி'ன்னு என் வாயால நான் சொல்வேன். முதல் வரிய எல்லாரும் முழிச்சிருந்து கேப்பாங்க சார்."

"அது எப்படிம்மா? மேடையில மலைன்னு சொல்லிட்டேனே!"

"எறங்கிடுங்க. ஏறாத மலையிலேர்ந்து எறங்கறது என்ன கஷ்டம்?"

"நான்... யோசிக்கணும்."

அவள் எழுந்தாள். "யோசிங்க சார். ராத்திரி பூரா நேரம் இருக்கே உங்களுக்கு."

வெளியே வந்தபோது கத்திரி, "என்னக்கா, சம்பள உயர்வா?" என்றான். "உயரத்துலேர்ந்து எறக்கம்" என்றுவிட்டுப் போனாள். அவனுக்குப் புரியவில்லை. எதையும் முழுதாகக் கேட்டுப் பழக்கம் இல்லாத பையன், சிரித்து வைத்தான்.

வீடு திரும்பும் வழியெல்லாம் ஒன்று அவளைக் குடைந்துகொண்டே இருந்தது. மெத்தையிடம் பாதிதான் சொல்லியாயிற்று. மீதிப் பாதி வீட்டில், கால்மேல் கால் போட்டுக்கொண்டு, சாப்பாடு ஆயிற்றா என்று கேட்கப் போகிறது. திருடன்கூடத் தூங்காமல் கிடந்து கேட்டிருக்கிறான். திருட்டுக்கு வழி காட்டினவன் தினமும் அதைக் கேட்டுக்கொண்டே தூங்குகிறான். அந்த நினைப்பு அவளுக்குத் தாங்கவில்லை.

ராத்திரி கணவன் வழக்கம்போலப் படுத்து, இயர்போனைக் காதில் மாட்டப் போனான். அவள் அதைப் பிடுங்கித் தன் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

"ஏய், அது இல்லாம எனக்குத் தூக்கம் வராது."

"தெரியும். இன்னிக்கு நேர்ல கேளுங்க. கடைசிப் பகுதி மட்டும்."

எழுந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மைக் இல்லை, அவன் நெற்றியில் ஒரு விரலால் தட்டினாள். பிறகு ஆரம்பித்தாள். ஆனால் இந்த முறை இறகு மாதிரி இல்லை. கோடு என்று ஒன்று இருந்திருந்தால் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிருக்கும். பிஸ்கட்டைச் சொன்னாள், தலையணையைச் சொன்னாள், அத்தனை பேர் சிரித்ததையும், நடுவில் அவள் காலிக் கோப்பையோடு நின்றதையும் சொன்னாள். பெருமைதானே என்று கேட்டதைச் சொன்னபோது குரல் உடைந்தது. உடைந்த குரலிலேயே தொடர்ந்தாள். அடுத்த அறையில் மகள் புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது.

அவன் மெல்ல எழுந்து உட்கார்ந்தான்.

"இதெல்லாம்... எப்ப சொன்ன நீ?"

"தினமும். உங்க காதுல."

"நான் கேட்டதே இல்லையே!"

"நீங்கதான் ரெண்டாவது பஸ்லயே போயிடறீங்களே."

அவன் தலையைச் சொறிந்தான். "என்னையும் ஏத்தி அனுப்பிட்டியா?"

"அனுப்பியாச்சு."

"உக்காரக்கூட எடம் குடுக்கலையா?"

"ஒருத்தருக்கு ஜன்னலோரம் கெடைக்கலைன்னு வருத்தம், இன்னொருத்தருக்கு சீட்டே கெடைக்கலைன்னு வருத்தம். செஞ்சதுக்கு ஒருத்தருக்கும் வருத்தத்தக் காணோம்." போர்வையை இழுத்து, அவனுக்கு முதுகைக் காட்டிப் படுத்தாள்.

அவன் படுக்கவில்லை. கட்டில் கிரீச்சிட்டது. எழுந்து தண்ணீர் குடித்தான், ஜன்னலைத் திறந்தான், மூடினான். திரும்ப வந்து உட்கார்ந்தான். பெருமூச்சு விட்டான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த அறையில் அவன் விழித்திருந்து அவள் கேட்ட முதல் பெருமூச்சு அது. காதுக்கு இதமாக இருந்தது. ஸ்டாண்டில் பெஞ்சு காலியாக இருந்தது. முதல் நடைமேடையில் ஒரு வண்டி உறுமிக்கொண்டு நின்றது. மாமியாரின் முட்டி வலி தன் பையோடு வந்து, எப்போதும் போல முன்பக்கமாக ஏறிக்கொண்டது.

"இங்க பாரு," என்றான் அவன் இருட்டில், தயங்கித் தயங்கி. "நான் அன்னிக்கு சும்மா ஒரு தமாஷுக்குத்தான்... இல்ல, தமாஷுன்னு சொல்லக் கூடாது. எனக்கு என்ன தோணுதுன்னா..."

என்ன தோன்றிற்று என்பதை அவன் நெடுநேரம், திக்கித் திணறி, சொல்லி முடித்தான். முடிவில் மன்னிப்பும் கேட்டிருக்கலாம். அவளுக்குத் தெரியாது. இரண்டாவது பஸ் கிளம்பும்போதே அவள் தூங்கிவிட்டிருந்தாள்.